கொரியரும் ஜப்பானியரும் நடத்திய நட்புக் காட்சிகள்

அண்டை நாடுகள் இரண்டு தங்கள் முன்னோர் விட்டுச் சென்ற அரும்பொருள்களை ஒன்றுசேர்த்து, முதலில் ஒரு தலைநகரிலும் பின்னர் மற்றத் தலைநகரிலும் வைத்து மக்களுக்குக் காட்டுவது இக்காலத்து நல்வழக்கங்களுள் ஒன்று. திறப்பு விழாவில் மந்திரிகள் பேசுவர். பத்திரிகைகளிற் படம் வரும். ‘நாம் ஒரு குடும்பத்தினர்’ என்னும் சொல் பலமுறை ஒலிக்கும். இவற்றை இகழ்வதற்காக நாம் எழுதவில்லை. பீரங்கியை அனுப்புவதினும் பதுமையை அனுப்புவது எவ்வளவோ மேல். ஆயினும், பாட்டையும் நாடகத்தையும் நவீனத்தையும் சீர்தூக்கிப் பார்க்கின்ற நாம் பொருட்காட்சியை மட்டும் கைதட்டி விட்டுவிடுவது முறையா? அதுவும் ஒரு கதையைத்தான் சொல்லுகின்றது. கதை எங்கே தொடங்குகின்றது, எங்கே நிறுத்தப்படுகின்றது, எவர் மேடைக்கு வருகின்றனர், எவர் திரைக்குப் பின் நிற்கின்றனர் என்பவற்றை ஆராய வேண்டாமா?

இதற்கு எடுத்துக்காட்டாகக் கொரியாவையும் ஜப்பானையும் கொள்வோம். பூசான் துறையிலிருந்து ஜப்பானுக்குரிய சுஷிமாத் தீவு ஏறக்குறைய 50 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. வானம் தெளிந்த நாளில் ஒரு கரையிலிருந்து மறு கரை தெரியும். ஜப்பானியர் யாரென்று இந்நாட்டுத் தமிழருக்கு நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. 1942 முதல் 1945 வரை நடந்த ஆட்சியையும், தோட்டங்களிலிருந்து சயாம் இரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்டுத் திரும்பி வராதவர்களையும் மறந்த குடும்பங்கள் குறைவு. அப்பாதையில் போர்க்கைதிகளுக்குக் காவல் நின்றவருள் ஜப்பானியப் படை திரட்டி வந்த கொரிய இளைஞர் பலர் இருந்தனர் என்பதைத்தான் பலர் அறியார். போருக்குப் பின் போர்க்குற்றத்திற்காகத் தண்டிக்கப்பட்ட கொரியர் 148 பேர். அவருள் 23 பேருக்கு மரண தண்டனை நிறைவேறியது. 1910 முதல் 1945 வரை அடிமைப்பட்டுக் கிடந்த மக்கள், ஆண்டவனின் சீருடையை அணிந்து பிறர்க்குக் காவலராகி, ஆண்டவனின் குற்றத்திற்கும் பங்காளிகளாயினர். ஆகவே இவ்விரு நாட்டாரின் உறவும் பகையும் நமக்கு முற்றிலும் அயலான செய்தி அன்று.

1965-ஆம் ஆண்டில் கொரியக் குடியரசும் ஜப்பானும் உறவு உடன்படிக்கை செய்துகொண்டன. அவ்வுடன்படிக்கை 50 ஆண்டு கண்டதை அடுத்து, 2016-ஆம் ஆண்டில் ஒரு காட்சி நடந்தது. அதில் வைக்கப்பட்ட பொருள்கள் இரண்டே இரண்டு. ஒன்று, சியோலிலுள்ள தேசிய அரும்பொருட் காட்சிச்சாலையின் வெண்கலப் போதிசத்துவர். பொன் முலாம் பூசியது. ஆறாம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்தது. கொரிய அரசு அப்போது அதற்கு 78 என்னும் தேசியச் செல்வ எண்ணை வழங்கியிருந்தது. மற்றொன்று, ஜப்பானில் நாரா வட்டாரத்து இகாருகாவில் உள்ள சூகூஜி என்னும் பிக்குணி மடத்தின் மரச்சிலை, கற்பூர மரத்தாலானது, ஏழாம் நூற்றாண்டினது. முன்னது ஒரு முழங்கை அளவுக்குச் சற்று ஏறத்தாழ இரு மடங்கு உயரம்; பின்னது அதனினும் இரு மடங்கு. இரண்டும் ஒரே கோலத்தில் இருக்கின்றன. இடக்கால் தொங்க, வலக்கால் அதன் முழங்கால்மேல் மடிந்து கிடக்க, வலக்கை விரல் கன்னத்தைத் தொட்டும் தொடாமலும் நிற்க, உதட்டில் ஒரு சிறு நகை. நினைவில் ஆழ்ந்த ஒருவன், எதையோ கண்டுகொண்ட கணத்தில் முறுவலிப்பதுபோன்ற தோற்றம்.

மே, ஜூன் மாதங்களில் சியோலில் மூன்று வாரம். பின்னர் ஜூன், ஜூலையில் டோக்கியோவில் மூன்று வாரம். ஒரே அறையில் இரு சிலைகளும் எதிரெதிராக வைக்கப்பட்டன. இடையிற் சென்று நிற்பவர் ஒரு முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பினால் மற்ற முகத்தைக் காண்பர். வேறு அலங்காரம் இல்லை. நூறு பொருளைக் குவித்துக் கண்ணைக் களைப்படையச் செய்யும் காட்சிகளுக்கு நடுவே, இரண்டு பொருளை மட்டும் வைக்கத் துணிந்தவரின் சுவையுணர்வைப் பாராட்டத்தான் வேண்டும். இக்கோலம் இந்தியாவிற் பிறந்து, காந்தாரத்தையும் சீனத்தையும் கடந்து, கொரியாவிற்குப் போய், அங்கிருந்து கடல் தாண்டி ஜப்பானில் இறங்கியது. வெண்கலம் மரமாயிற்று, மணிமுடி போய் இரு கொண்டை வந்தது, முகத்தின் நகை மட்டும் மாறவில்லை. சூகூஜிப் பிக்குணிகள் தங்கள் சிலையை வழிவழியாகக் கன்னோன் என்றே வணங்கி வருகின்றனர். வரப்போகும் மைத்ரேயர் என்பது ஆராய்ச்சியாளர் பலரின் கருத்து. பெயர் எதுவாயினும் ஆகுக.

இச்சிலைகளுக்குப் பின்னே உண்மையான உறவு உண்டு. தென்மேற்குக் கொரியாவில் இருந்த பெக்சே நாட்டின் சோங் மன்னர் ஆறாம் நூற்றாண்டில் புத்த உருவங்களையும் ஏடுகளையும் ஜப்பானிய அரசவைக்கு அனுப்பினார். ஆண்டு 538 என்பாரும் 552 என்பாரும் உளர். அவருடைய தந்தை முரியோங் மன்னரின் கல்லறை 1971-இல் கொங்ஜு நகரில் திறக்கப்பட்டபோது, அவரது சவப்பெட்டி ஜப்பானிய மலைகளில் வளரும் ஒருவகைத் தேவதாரு மரத்தால் ஆனது என்பது தெரியவந்தது. கொரியா புத்தரை அனுப்பிற்று. ஜப்பான் மரத்தை அனுப்பிற்று. 2001-ஆம் ஆண்டு டிசம்பரில் ஜப்பானியச் சக்கரவர்த்தி அக்கிஹிட்டோ, தம் முன்னோராகிய கன்மு சக்கரவர்த்தியின் தாயார் முரியோங் மன்னரின் வழியில் வந்தவர் என்று பழைய நாளாகமம் கூறுவதைத் தாமே எடுத்துச் சொன்னார். சூரியனின் மரபு என்று தம்மைப் போற்றிவந்த குலத்தின் தலைவர் வாயினின்று அது வந்தது. பல மணிநேரச் சொற்பொழிவு செய்யாததை அந்தச் சிறு பேச்சு செய்தது என்பது நம் எண்ணம்.

இது நிற்க. நமக்குத் தோன்றும் முதற் குறை, இக்காட்சி கதை தொடங்கிய காலத்தைப் பற்றியது. ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முற்பட்ட பொருளை எடுத்தால் எவர் மனமும் நோகாது. அன்று யார் யாரைக் கொன்றார், யார் யார்க்கு அடிமையானார் என்று கேட்க இன்று எவரும் உயிரோடு இல்லை. ஆதலின் நட்புக் காட்சி நடத்துவோர் எந்நாட்டவராயினும் மிகப் பழைய காலத்திற்கே ஓடுகின்றனர். அங்கே எல்லாரும் உறவினர்; எல்லாரும் கலைஞர்; எல்லாரும் புன்னகை செய்கின்றனர்.

‘ஒரே குடும்பம்’ என்னும் சொல்லோ கொரியர் காதில் வேறு வகையாக விழக்கூடிய சொல். கொரியரும் ஜப்பானியரும் ஒரே மூதாதையரின் மக்கள் என்னும் கொள்கையைத்தான் 1910-இல் கொரியாவை விழுங்கியவர்கள் தம் செயலுக்குக் காரணமாகக் காட்டினர். பிரிந்த உறவினர் மீண்டும் ஒரு கூரைக்கீழ் வந்தனராம்! 1915-ஆம் ஆண்டில், ஆட்சியின் ஐந்தாண்டு நிறைவைக் கொண்டாடச் சியோலிலுள்ள பழைய அரண்மனை வளாகத்தில் மாபெரும் பொருட்காட்சி ஒன்று நடத்தப்பட்டது. அதற்கு இடம் வேண்டுமென்று அரண்மனைக் கட்டடங்கள் பல இடித்துத் தள்ளப்பட்டன. அக்காட்சிக்கென எழுப்பிய கலைக்கூடமே அவ்வாண்டு முடிவில் கவர்னர் ஜெனரலின் அரும்பொருட் காட்சிச்சாலையாக மாறிற்று. நாம் மேலே கண்ட வெண்கலப் போதிசத்துவர் 1912-இல் ஜப்பானியர் ஒருவர் கைக்கு வந்து, அவரால் கவர்னர் ஜெனரல் தெராவுச்சிக்குக் காணிக்கையாக்கப்பட்டு, 1916-இல் அந்தக் காட்சிச்சாலையைத்தான் அடைந்தார். அதற்கு முன் எந்தக் கோயிலில் எவருடைய விளக்கின்முன் இருந்தார் என்பது உறுதியாக எவர்க்கும் தெரியாது. எந்தப் பழைய நாட்டில் வார்க்கப்பட்டார் என்பதிலேயே அறிஞர் இன்றும் வேறுபடுகின்றனர். கலை நூல்கள் இதனை ஆராய்ச்சிக்குரிய புதிர் என்று எழுதும். புதிர் தானாக விளைந்ததன்று. கோயிலிலிருந்து எடுத்து விற்றவர்கள் இடத்தின் பெயரை மறைத்தாலன்றிப் பொருள் இப்படி அநாதையாக வந்து சேராது. அந்தப் புன்னகையின் பக்கத்தில் வைக்கும் விளக்கச் சீட்டில் ‘ஆறாம் நூற்றாண்டு, வெண்கலம்’ என்பதற்குக் கீழே ‘1912’ என்னும் எண்ணும் இருத்தல் வேண்டும் என்பதே நம் வழக்கு.

இவ்விடத்தில் நம்மவர்க்கும் ஒரு சொல். கொரியாவில் 13-ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்ட ஏடு ஒன்று, அயுத்தா என்னும் நாட்டு அரசிளங்குமரி கடல் கடந்து வந்து கொரிய மன்னன் ஒருவனை மணந்தாள் என்று ஒரு கதை கூறுகின்றது. அயுத்தா என்பது அயோத்தியே என்று சொல்லி அந்நகரில் 2001-இல் நினைவுச் சின்னம் எழுப்பினர். இல்லை, அவள் தமிழ்ப்பெண், கொரிய மொழியில் அம்மா அப்பா என்னும் சொற்கள் இருப்பதே சான்று என்று நம்மவர் சிலர் மேடைதோறும் முழங்குகின்றனர். இரண்டிற்கும் சரித்திர ஆதாரம் இல்லை. கதை எழுதப்பட்டது அது நடந்ததாகச் சொல்லும் காலத்திற்கு ஆயிரத்திருநூறு ஆண்டுக்குப் பின். அம்மா என்பதைப் போன்ற ஒலியைக் குழந்தைகள் உலகெங்கும் எழுப்புகின்றன. பகுத்தறிவு பேசும் நாம், பிறர் பெருமைக் கதையைத் துருவிப் பார்த்துவிட்டு நம் பெருமைக் கதையை மட்டும் பட்டுத் துணியால் மூடி வைக்கலாமா?

மீண்டும் டோக்கியோவிற்கு வருவோம். இரு சிலைகளும் முகம் நோக்கி நின்ற அதே தேசியக் காட்சிச்சாலையின் உடைமையில், ஓகுரா என்னும் ஜப்பானிய முதலாளி கொரியாவில் இருந்தபோது திரட்டிய ஆயிரத்துக்கு மேற்பட்ட பொருள்கள் இருக்கின்றன. கல்லறைகளிலிருந்து வந்த பொன்னணிகளும் அவற்றுள் அடக்கம். 1980-களின் தொடக்கத்தில் அவை அங்கே நன்கொடையாக வழங்கப்பட்டன. கொரியர் அவற்றைத் திருப்பிக் கேட்டு வருகின்றனர். கொரிய நாட்டிற்கு வெளியே கிடக்கும் கொரிய அரும்பொருள்கள் 2 இலட்சத்திற்கு மேல் என்றும், அவற்றுள் ஏறக்குறைய ஓர் இலட்சம் ஜப்பானில் என்றும் கொரிய அரசின் கணக்கு சொல்லுகின்றது. எல்லாம் கொள்ளை என்று நாம் சொல்லவில்லை. விலைக்கு வாங்கியதும், பண்டைக்காலத்தில் அன்பளிப்பாகச் சென்றதும் உண்டு. எது எவ்வகை என்று பிரித்தறிவதுதான் கடினம்.

1965-இல் உடன்படிக்கையின் ஒரு பகுதியாக ஜப்பான் ஏறக்குறைய 1,400 பொருள்களைக் கொரியாவிடம் சேர்ப்பித்தது. அப்போது எழுந்த பெரிய வழக்கு ஒரு சொல்லைப் பற்றியது. ‘திருப்பித் தருதல்’ என்று எழுதக் கொரியர் விரும்பினர். அவ்வாறு எழுதினால் எடுத்தது தவறு என்று ஒப்புக்கொண்டதாகுமென ஜப்பானியர் அஞ்சி, ‘கையளித்தல்’ என்று எழுதினர். 2011-இல் கொரிய அரசவை நூல்கள் 1,205 திரும்பி வந்தபோதும் அதே ‘கையளித்தல்’தான். ஒரு சொல்லுக்காக இத்தனை ஆண்டா என்று நகைப்பவர் நகைக்கட்டும். எழுத்தைத் தொழிலாகக் கொண்ட நமக்கு அது நகைப்பிற்குரியதாகத் தோன்றவில்லை.

அப்படியாயின் சியோல் காட்சிச்சாலை களங்கமற்றதோ? அங்கே மத்திய ஆசியப் பொருள்கள் என்று ஒரு பெரும் தொகுதி உண்டு. ஓத்தானி என்னும் ஜப்பானியப் பிரபு இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆட்களை அனுப்பிச் சீனத் துருக்கிஸ்தானத்துக் குகைக் கோயில்களிலிருந்து சுவரோவியங்களை அறுத்துக்கொண்டு வந்தார். அவற்றுள் ஒரு பகுதி கைமாறித் தெராவுச்சியிடம் வந்து, கொரியாவின் காட்சிச்சாலையை அடைந்தது. ஜப்பானியர் போயினர், ஓவியங்கள் தங்கிவிட்டன. கொள்ளை கொடுத்தவர் வீட்டிலும் மூன்றாம் வீட்டுக் கொள்ளைப் பொருள் இருக்கின்றது. இதைச் சொல்வதால் கொரியரின் வழக்கு வலிமை இழந்துவிடாது.

இவ்வகைக் காட்சிகளுள் நம் உள்ளத்தை மிகவும் தொட்டது 2016-இல் நடந்ததன்று; 1998-இல் நடந்தது. அதனைச் சொல்ல நானூறு ஆண்டு பின்னே செல்ல வேண்டும். 1592-இல் ஹிதேயோஷி என்னும் ஜப்பானியத் தலைவன் கொரியாவின்மேற் படையெடுத்தான். போர் இடையிடையே ஓய்ந்து 1598 வரை நடந்தது. திரும்பிய படைத்தலைவர்கள் வெறுங்கையோடு திரும்பவில்லை. ஜப்பானியப் பிரபுக்களிடையே தேநீர்க் கலை அக்காலத்தில் வெறிபோற் பரவியிருந்தது. கொரியக் கிண்ணங்களுக்குக் கோட்டை விலை. கிண்ணத்தைக் கொண்டுவருவதைவிடக் குயவனையே கொண்டுவந்துவிட்டால்? அவ்வாறே செய்தனர். சத்சுமா நாட்டுத் தலைவன் நம்வோன் முதலிய இடங்களிலிருந்து குயவரும் அவர் குடும்பத்தாருமாக எண்பதின்மர் அளவிற் கொண்டுபோனான் என்பர். அவர்கள் நயெஷிரோகாவா என்னும் சிற்றூரில் குடியேற்றப்பட்டனர். பெயரை மாற்றக்கூடாது, கொரிய உடையையும் மொழியையும் விடக்கூடாது என்று பிற்காலத்தில் தலைவரின் கட்டளை. பார்வைக்கு இது பரிவுபோலத் தோன்றும். தன் கூண்டிலுள்ள அயல்நாட்டுப் பறவை அயல்நாட்டுப் பறவையாகவே இருத்தல் வேண்டும் என்பதே அதன் பொருள். கடல் கடத்தப்பட்டுப் பிறர் மண்ணில் பிறர்க்காகக் கைத்தொழில் செய்த பரம்பரை என்றால் என்னவென்று இப்பத்திரிகையின் வாசகருக்கு விளக்க வேண்டுமா?

அவ்வூரார் முதலிற் செய்த கிண்ணங்களுக்கு ‘தீ மட்டும்’ என்னும் பொருள்படும் பெயர் ஒன்று உண்டு. மண் கொரியாவிலிருந்து வந்தது; மேற்பூச்சு கொரியாவினது; கை கொரியக் கை; சூளையில் எரிந்த நெருப்பு மட்டுமே ஜப்பானுடையது. காட்சிச்சாலை விளக்கச் சீட்டு எதுவும் இந்த இரண்டு சொல் சொன்ன அளவுக்குச் சொன்னதாக நாம் அறியோம். அக்குடும்பங்களுள் ஒன்று சிம் என்னும் குடும்பம். பன்னிரண்டாம் தலைமுறைச் சிம் சு குவான் வனைந்த பூச்சாடிகள் 1873-இல் வீயன்னா உலகப் பொருட்காட்சிக்குச் சென்று பெரும்புகழ் பெற்றன. எவருடைய புகழ்? ஜப்பானின் புகழ். சத்சுமாச் சாடி என்று ஐரோப்பியச் செல்வர் தேடித் தேடி வாங்கியது அடிமையாகக் கொண்டுவரப்பட்டவரின் பேரப்பிள்ளைகள் செய்ததை. அதே நேரத்தில் ஊருக்குள் அவர்கள் கொரியர் என்று ஒதுக்கப்பட்டனர். பாக் என்னும் பெயருடைய குயவர் குடும்பம் ஒன்று 1886-இல் பெயரை மாற்றிக்கொண்டு தோகோ ஆயிற்று. அவ்வீட்டுப் பையன் தோகோ ஷிகெனோரிதான் 1941 டிசம்பரில் ஜப்பானியப் படை கோத்தா பாருவில் இறங்கியபோது ஜப்பானின் வெளிநாட்டு மந்திரியாக இருந்தவர்! சரித்திரம் செய்யும் முடிச்சுக்களை எந்த நாவலாசிரியன் போட முடியும்?

நானூறாம் ஆண்டாகிய 1998-இல் பதினான்காம் சிம் சு குவான் தம் குடும்பத்தார் தலைமுறை தலைமுறையாகச் செய்த கலங்களைச் சியோலுக்குக் கொண்டுபோய்க் காட்சிக்கு வைத்தார். அவ்வாண்டிலேயே நம்வோனில் ஏற்றிய நெருப்பு கடல் கடந்து ககோஷிமாவிற்குக் கொண்டுவரப்பட்டு, அவ்வூர்ச் சூளையில் இடப்பட்டது. முன்னே தீ மட்டும் ஜப்பானுடையதாக இருந்தது. இப்போது தீ மட்டும் கொரியாவினது. இங்கே ‘ஒரே குடும்பம்’ என்னும் பேச்சு தேவைப்படவில்லை. பார்க்க வந்தவர் கலத்தின் அழகைப் பார்க்கும்போதே அது ஏன் அயல்நாட்டிற் செய்யப்பட்டது என்றும் கேட்டாக வேண்டும். பொருளும் அது கடல் கடந்த விதமும் பிரிக்க முடியாதபடி ஒன்றாகவே காட்சிக்கு வந்தன. 2016-ஆம் ஆண்டுக் காட்சியில் நாம் தேடியது இதுவே.

இத்தகைய மற்றொரு முயற்சி கொரிய மன்னரின் தூதுக்குழுக்களைப் பற்றியது. போர் முடிந்து ஒன்பது ஆண்டில், 1607-இல், முதல் தூதுக்குழு ஜப்பானுக்குச் சென்றது. 1811 வரை பன்னிரண்டு முறை சென்றனர். முந்நூறு முதல் ஐந்நூறு பேர் வரை, கவிஞரும் ஓவியரும் மருத்துவரும் இசைவாணருமாகச் செல்லும் பெரிய ஊர்வலம் அது. அதுவே ஒரு நடமாடும் பொருட்காட்சி எனலாம். வழிநெடுக ஜப்பானியர் திரண்டு வந்து ஒரு வரி எழுதித் தருமாறு காகிதத்தை நீட்டினர். தோமோ துறைமுகத்துக் கோயிலின் கூடத்திலிருந்து கடலைக் கண்ட தூதர் ஒருவர் 1711-இல் கிழக்குத் திசையிலேயே முதன்மையான காட்சி இது என்று எழுதிக் கொடுத்த எழுத்து இன்றும் காக்கப்படுகின்றது. ஆனால் முதல் மூன்று தூதுகளுக்கு இருந்த பெயர் வேறு. மறுமொழி கூறவும், சிறைபிடிக்கப்பட்டோரை மீட்டு வரவும் செல்லும் தூது என்பதே அது. விழாக்கோலத்தின் அடியிற் கிடந்த காரணம் அதுதான்.

1719-ஆம் ஆண்டுத் தூதில் எழுத்தராகச் சென்ற சின் யூ ஹானுக்கும், வழித்துணையாக வந்த சுஷிமா அறிஞர் அமேனோமோரி ஹோஷூவுக்கும் நிகழ்ந்த வாக்குவாதம் நம் பொருளுக்கு மிகவும் பொருந்தும். கியோத்தோ நகரில் பெரிய புத்தர் கோயிலில் தூதருக்கு விருந்து என்றனர். அது ஹிதேயோஷி எழுப்பிய கோயில். எம் பகைவன் கோயிலில் உண்ணோம் என்று தூதர் மறுத்தனர். ஜப்பானியர் ஒரு நூலைக் காட்டி, இது பின்வந்த ஆட்சியாளர் கட்டியது என்று சாதித்தனர். அக்கோயிலின் அருகே ஒரு மண்மேடு உண்டு. காதுமேடு என்று பெயர். உண்மையில் உள்ளே கிடப்பவை மூக்குகள். போரில் வெட்டப்பட்டவர் தலைகளைக் கப்பலேற்றுவது சுமையென்று, எண்ணிக் காட்டுவதற்காக மூக்குகளை அறுத்து உப்பிலிட்டு அனுப்பினர். 38,000 பேருக்குக் குறையாதவருடைய மூக்குகள் 1597-இல் அங்கே புதைக்கப்பட்டன. விருந்தினரை அழைத்துச் சென்று காட்டிய காட்சி இது! ஹோஷூ அன்று தம் நாட்டார் பக்கம் நின்று வாதாடியவர்தாம். ஆனால் 1728-இல் அயல்நாட்டு உறவுபற்றித் தாம் எழுதிய நூலில், காரணமற்ற போரின் கொடுமையைத் தாமே பறைசாற்றிக்கொண்ட அறியாமை அது என்று கண்டித்தார். ஒருவரையொருவர் ஏமாற்றாமல் உண்மையோடு பழகுவதே உறவு என்பது அவர் கொள்கை. தம் தவற்றைத் தாமே எழுதிவைத்த அம்மனிதரை நாம் வணங்குகின்றோம்.

தூதர் கொண்டுவந்தவற்றுள் கண்ணாடிப் பேழைக்குள் வைக்கப்படாத பொருள் ஒன்றும் உண்டு. 1763-இல் புறப்பட்ட தூதின் தலைவர் சோ ஓம், சுஷிமாவில் மக்கள் சக்கரவள்ளிக் கிழங்கைத் தின்று பஞ்சத்தைக் கடப்பதைக் கண்டு, விதைக்கிழங்கைப் பூசானுக்கு அனுப்பினார். கொரிய மொழியில் அக்கிழங்கிற்கு வழங்கும் ‘கொகுமா’ என்னும் பெயரே சுஷிமாத் தீவாரின் பேச்சிலிருந்து போனதுதான். ஜப்பான்காரன் காலத்தில் மரவள்ளியையும் சக்கரவள்ளியையும் வேகவைத்துத் தின்று உயிர் பிழைத்த நம் தோட்டத்துப் பெரியவர்கள், இருநூற்றைம்பது வரிக் கவிதையைக் காட்டிலும் இந்தக் கிழங்கையே மெச்சுவர். நாமும் அவர்கள் கட்சியே.

இத்தூதுகள் தொடர்பான 333 பொருள்கள் 2017-இல் யுனெஸ்கோவின் உலக நினைவேட்டில் இரு நாட்டின் பேராலும் சேர்ந்து பதியப்பட்டன. விண்ணப்பித்தவை அரசாங்கங்கள் அல்ல. பூசானில் ஒரு பண்பாட்டு நிறுவனமும், ஜப்பானில் தூதர் சென்ற ஊர்களின் சங்கமும். அரசுகள் முறைத்துக்கொண்டிருந்த ஆண்டுகளில் ஊரார் செய்த வேலை இது. கொரியர் அக்காலத்துத் தூதுக் கப்பல் ஒன்றை அதே அளவிற் கட்டி, 2023-இல் சுஷிமாவிற்கும் 2025-இல் ஒசாக்காவிற்கும் ஓட்டிச் சென்றனர். ஒசாக்காவில் அப்போது உலகப் பொருட்காட்சி நடந்துகொண்டிருந்தது. அதே ஒசாக்காவில் 1903-இல் நடந்த பொருட்காட்சியின்போது, வாயிலுக்கு அருகே ‘மனிதர் காட்சிக்கூடம்’ என்று ஒன்றை அமைத்து ஐனுமாரையும் தைவான் மலைமக்களையும் ஓக்கினாவாக்காரரையும் கொரியரையும் இந்தியரையும் ஜாவாக்காரரையும் விலங்குகளைப்போல வேடிக்கைக்கு நிறுத்தினர். எதிர்ப்பு எழுந்த பின்னரே கொரியர் அகற்றப்பட்டனர். 2025-இல் அத்துறைமுகத்தில் கொரியர் தம் கப்பலின் மேல்தளத்தில் தாமே நின்று பிறரை வரவேற்றனர்.

இறுதியாக, எந்த அரசும் ஏற்பாடு செய்யாத ஒரு காட்சி. 2012-இல் கொரியத் திருடர் சிலர் சுஷிமாவின் கன்னோன்ஜி கோயிலிலிருந்து அரை மீட்டர் உயரமுள்ள வெண்கலக் கன்னோன் சிலையைத் திருடிக் கொரியாவிற்குக் கொண்டுவந்து பிடிபட்டனர். சிலையினுள்ளே முன்பே கண்டெடுக்கப்பட்ட வேண்டுதல் ஏடு, அது 1330-இல் கொரியாவின் புசொக்சா கோயிலுக்கென்று செய்யப்பட்டது என்று கூறுகின்றது. கடற்கொள்ளையர் கொண்டுபோயிருப்பர் என்பது புசொக்சாவின் வாதம். திருடனிடமிருந்து திருடியது யாருக்குச் சொந்தம்? அடுத்த ஆண்டு சுஷிமாத் திருவிழாவில் தூதுக்குழு ஊர்வலம் நிறுத்தப்பட்டது. ஜப்பானியக் கோயில்களும் காட்சிச்சாலைகளும் கொரியாவிற்குப் பொருள் அனுப்பத் தயங்கின. 2017-இல் கீழ்நீதிமன்றம் புசொக்சாவின் பக்கம் தீர்ப்பளித்தது. 2023-இல் மேல்நீதிமன்றம் அதை மாற்றிற்று. அவ்வாண்டு அக்டோபரில் உச்ச நீதிமன்றம், நெடுங்காலம் உடைமையில் வைத்திருந்ததால் சிலை கன்னோன்ஜிக்கே உரியதாகிவிட்டது என்று முடிவு கூறிற்று. வழக்கில் தோற்ற கொரியத் துறவிகள், திருப்பி அனுப்புமுன் ஒருமுறை அதனை வைத்து வழிபட அனுமதி கேட்டனர். வழக்கில் வென்ற ஜப்பானியத் துறவிகள் இசைந்தனர். 2025 ஜனவரி முதல் மே வரை நூறு நாள் அச்சிலை தான் செய்யப்பட்ட கோயிலில் இருந்தது. ஊரார் வந்து பார்த்தனர். பின்னர் சுஷிமாவிற்குக் கப்பலேறியது. இப்போது அத்தீவின் காட்சிச்சாலையில் காவலில் இருக்கின்றது.